பாலர் பள்ளிக்கு ஒரு ஆள் போதுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு பாலர் பள்ளியின் கூட்டத்திற்கு நம்மை அழைத்திருந்தார்கள். கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நடக்கிற பள்ளி அது. தோட்டத்தில் இன்னும் வேலை செய்கிறவர்கள், தோட்டத்தை விட்டு அருகிலுள்ள தாமான்களுக்குக் குடிபோனவர்கள் என்று 24 வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். வயது நான்கிலிருந்து ஆறு. ஒரு ஆசிரியை, ஒரு துணையாள். இவ்வளவுதான் பள்ளி.

கணக்கு வாசிக்கப்பட்டது. கையிருப்பு இல்லை. கடன் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் துணையாளை நிறுத்திவிடலாம் என்று குழுவில் ஒருவர் யோசனை சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பள்ளியை மூடாமல் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலையில்தான் சொன்னார். "சின்னப் புள்ளைங்கதானே, பாத்துக்க ஒரு ஆளு போதாதா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய் எழுந்தார். "அண்ணே, டீச்சரு ஒரு புள்ளைய கக்கூசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா, மத்த இருவத்து மூணு புள்ளைங்கள யாரு பாக்கறது?" என்றார்.

அந்தத் தாயின் கேள்விதான் இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது ஒரு பள்ளியின் பிரச்சினை மட்டுமல்ல. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எங்கே போனாலும், பிள்ளை வளர்க்கிற நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது பொதுவான கேள்வி.

நாமும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவர்கள்தாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துக் காலை எப்படி இருந்தது என்பது நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. விடியுமுன் பெரட்டு. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறு கையில் பால் போத்தலுமாக அம்மா ஓடுவார். இருட்டிலேயே ஆயாவின் கையில் பிள்ளை மாறும். கொட்டகையின் குறுக்குச் சட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். கீழே சிமெண்டுத் தரையில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள்.

ஆயா யார்? பெரும்பாலும் உடம்பு தளர்ந்து பால் வெட்ட முடியாமல் போன ஒரு பாட்டாளிப் பெண். பிள்ளை வளர்ப்பில் அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அவருடைய அன்பில் நாம் குறை சொல்ல மாட்டோம். காய்ச்சல் பிள்ளையை மடியை விட்டு இறக்காத ஆயாக்கள் உண்டு. தம் வீட்டுச் சோற்றைப் பிசைந்து அடுத்தவர் பிள்ளைக்கு ஊட்டியவர்கள் உண்டு. ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு கைகள் எப்படிப் போதும்? "சும்மா உக்காரு" என்பதே நாம் அங்கே படித்த முதல் பாடமும் கடைசிப் பாடமும். பிள்ளை அழாமல், விழாமல் இருந்தால் அன்றைய நாள் நல்ல நாள். படப் புத்தகம் ஒன்றைத் தொட்டுப் பார்க்காமலே நம்மில் பலர் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தோம்.

சட்டம் இல்லாமலா இருந்தது? இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. கொட்டகைகள் எழுந்தன. ஆனால் பாடம் சொல்ல யார் வந்தார்கள்? பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ தம் வேலைக்கு இடையில் வந்து பாடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டடம் கிடைத்தது, ஆசிரியர் கிடைக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளம், மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகிய கோரிக்கைகளோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். துரையின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்த காலத்திலேயே அப்படிக் கேட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதிலிருந்து நாம் படித்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கட்டடத்தைச் சட்டம் வாங்கிக் கொடுத்துவிடும். கட்டடத்திற்குள் நிற்க வேண்டிய ஆளை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. ரப்பர் போய் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறின, துண்டுபட்டன. லயங்கள் காலியாயின. ஆயாக்கொட்டகைகள் பல இடங்களில் கதவு சாத்திக் கிடக்கின்றன. ஆனால் வேலைக்குப் போகிற தாயும், வீட்டில் விட முடியாத பிள்ளையும் மறைந்துவிடவில்லை. சிலர் மருந்தடிக்கவும் உரம் போடவும் போகிறார்கள். சிலர் பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை பிள்ளை யாரிடம் இருக்கிறது? பாட்டியிடம், பக்கத்து வீட்டில், அல்லது இப்படி ஒரு சமூகப் பாலர் பள்ளியில்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தாய்மார்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் தாஸ்கா. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் இடம் தடிகா, நாம் பாலர் பள்ளி என்று சொல்வது. பல வீட்டுப் பிள்ளைகளில் நான்கு பேரோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்துக்கொண்டால், 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி அந்த இடத்தைச் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் என்பதும் அதன் விதிகளில் இருக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே என்றால் மூன்று பிள்ளைக்கு ஒருவர். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வயது வரை பத்துப் பிள்ளைக்கு ஒருவர். முப்பது பிள்ளையை ஒற்றை ஆயாவிடம் விட்ட காலம் சட்டத்தின் கண்ணில் முடிந்துபோன காலம்.

பாலர் பள்ளி கல்வி இலாகாவின் கீழ் வருகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டு வந்தது. கல்வி அமைச்சு தன் பள்ளிகளில் நடத்துகிற பாலர் வகுப்பைப் பாருங்கள். ஒரு வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு மேல் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், கூடவே துணையாள் ஒருவர். பிள்ளைகளின் உணவுக்கும் ஒதுக்கீடு உண்டு. அரசாங்கமே 25 பிள்ளைகளுக்கு இருவர் வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருக்கும்போது, நம் பிள்ளைகள் 24 பேருக்கு ஒருவர் போதும் என்று நாமே எப்படித் தீர்மானம் போடுவது?

துணையாள் என்ன செய்கிறார் என்று கூட்டத்தில் கேட்டார்கள். நாம் ஒரு நாள் காலை போய் உட்கார்ந்து பார்த்தோம். வாசற்கதவைத் தாழிட்டு நிற்பது அவர். பிள்ளையின் கையிலும் வாயோரத்திலும் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர். கை, கால், வாய் நோய் ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு வாரத்தில் வகுப்பே படுத்துவிடும். அதை வாசலிலேயே கண்டுபிடித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஒரு கண் வேண்டும். பசியாறும்போது சாப்பிடாமல் ஒதுங்குகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பது அவர். நனைத்துவிட்ட பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்யாமல் சத்தமில்லாமல் துணி மாற்றி அழைத்து வருவதும் அவர்தான். இவ்வளவும் நடப்பதால்தான் ஆசிரியை அந்தப் பக்கம் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதை சொல்ல முடிகிறது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேறு, பாடம் சொல்லிக் கொடுப்பது வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். இந்த வயதில் அப்படிப் பிரிக்க முடியாது. கை கழுவுவது பாடம். வரிசையில் நிற்பது பாடம். "எனக்குத் தண்ணி வேணும் டீச்சர்" என்று வாய் திறந்து கேட்பது பெரிய பாடம். வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலைக் களைப்பு. பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறோம். பேச ஆள் இல்லாத பிள்ளைக்குச் சொல் எங்கிருந்து வரும்? பாலர் பள்ளியில் ஒரு பெரியவர் தன் முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் பிள்ளைக்குச் சொல் சேரும். சொல் சேர்ந்த பிள்ளைக்குத்தான் எழுத்து ஒட்டும்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "என்னா டீச்சர், எந்நேரமும் வெளையாட்டுதானா? வீட்டுப்பாடம் ஒண்ணும் கொடுக்க மாட்டீங்களா?" என்று சண்டைக்குப் போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளையின் விரல் இன்னும் பென்சிலுக்குப் பழகவில்லை. அந்த விரலைப் பிடித்து நூறு தடவை எழுத வைத்தால் அதற்கு எழுத்தின் மேல் வெறுப்புதான் வரும். ரப்பர்க் கொட்டையைப் பொறுக்கிப் பத்துப் பத்தாக அடுக்குகிற பிள்ளை கணக்குப் படிக்கிறது. களிமண்ணைப் பிசைகிற பிள்ளை விரலுக்கு வலு சேர்க்கிறது. கம்போங் குவாந்தானில் ஆற்றோர மரங்களில் மின்மினி பார்க்க வெளிநாட்டிலிருந்து காசு செலவழித்து வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர். ஒரு மாலை கூட்டிப் போய்க் காட்டி, மறுநாள் அதைப் பற்றித் தமிழில் பேச வைத்தால் அதைவிட நல்ல பாடம் எது? ஆனால் 24 பிள்ளைகளை ஆற்றோரம் அழைத்துப் போக ஒரே ஒரு ஆசிரியை துணிவாரா? ஆள் குறைந்தால் பிள்ளைகள் நாற்காலியோடுதான் கட்டுப்பட்டுக் கிடப்பார்கள். பெயரைப் பாலர் பள்ளி என்று மாற்றிக்கொண்டு பழைய ஆயாக்கொட்டகைக்கே திரும்பியவர்கள் ஆவோம்.

இது நம் கற்பனைப் பேச்சல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாந்தி என்ற ஊரில், 1962 முதல் 1967 வரை, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 58 பேருக்கு நல்ல பாலர் பள்ளி கிடைத்தது. மற்ற 65 பேருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளியில் ஐந்தாறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள். வாரம் ஒருமுறை ஆசிரியரே பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தாயோடு பேசினார். அந்தப் பிள்ளைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, பாலர் பள்ளியில் படித்தவர்களில் அதிகம் பேர் உயர்நிலைப்பள்ளியை முடித்திருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், போலீசில் பிடிபட்டவர்கள் குறைவாக இருந்தார்கள். நம் இளைஞர்கள் சிலர் போகிற பாதையை நினைத்துக் கண்ணீர் விடுகிற தாய்மார்கள் இந்தக் கடைசிச் செய்தியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

நம் இனத்தார் வாழும் மற்ற இடங்களையும் பார்ப்போம். இந்தியாவில் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று இருவர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தபோது பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளையும் அதில் சேர்த்தது. இலங்கை மலையகத்தில் நம் ஆயாக்கொட்டகையைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். அங்கேயும் தொட்டிலாட்ட ஓர் ஆயா போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு சிறுவர் மேம்பாட்டுக்கென்றே பயிற்சி கொடுத்து ஆள் வைத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் முடிந்தது இங்கே முடியாதா?

இனிப் பணத்துக்கு வருவோம். "எல்லாம் சரி, காசு?" என்று குழுத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டத்திலேயே கணக்குப் போட்டோம்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். முதலில் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிக்கும் வந்துவிட்டது. பாலர் பள்ளி ஆசிரியையும் துணையாளும் தொழிலாளிகள்தாம். ஒருவருக்குச் சம்பளம் 1,700, முதலாளி கட்ட வேண்டிய சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221. மொத்தம் 1,921. இருவருக்கு 3,842. சொக்சோ தனி. மாதக் கட்டணம் பிள்ளைக்கு 60 ரிங்கிட் என்றால் 24 பிள்ளைகளிடமிருந்து வருவது 1,440. துண்டு விழுவது 2,402. இருவர் சம்பளத்தையும் பெற்றோர் தலையில் மட்டும் கட்டினால் பிள்ளைக்கு 160 ரிங்கிட் ஆகும். இரண்டு பிள்ளை வைத்திருக்கிற தோட்டத் தொழிலாளி 320 ரிங்கிட்டுக்கு எங்கே போவார்? பிள்ளையை நிறுத்திவிடுவார்.

ஆகவே இதுவரை என்ன நடந்தது? துண்டு விழுந்த பணத்தை ஆசிரியையின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். எழுநூறு, எண்ணூறு என்று கையில் கொடுத்து, "சமுதாய சேவைதானேம்மா" என்றார்கள். சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை, பள்ளி விடுமுறை மாதத்தில் சம்பளமே இல்லை. அந்தப் பெண் என்ன செய்வாள்? பேரங்காடியில் வேலை கிடைத்ததும் போய்விடுகிறாள். மூன்று வருஷத்தில் நான்கு ஆசிரியைகள் மாறிய பள்ளியை நாம் பார்த்திருக்கிறோம். பழகிய முகம் ஒருநாள் காணாமல் போனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. மறுபடி அழுகை, மறுபடி முதலிலிருந்து.

பெரட்டுக்களத்தில் ஒரு நாள் சம்பளம் குறைந்தால் கொடி பிடிக்கிற நாம், நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குச் சட்டப்படி சேர வேண்டிய சம்பளத்தை "சேவை" என்ற சொல்லால் மூடி மறைக்கலாமா? முதலாளி செய்தால் சுரண்டல், நாம் செய்தால் சேவையா? சங்கத்துக்காரர்களாகிய நாமும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள்தாம். இத்தனை வருஷம் இப்பள்ளிகளின் ஆண்டு விழாவில் மாலை வாங்கிக்கொண்டு வந்தோமே தவிர, ஆசிரியைக்கு என்ன சம்பளம் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

சரி, வழி என்ன? அன்றைய கூட்டத்தில் பேசி முடிவானதையே மற்ற ஊர்களுக்கும் சொல்கிறோம்.

முதலாவது, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகல்களோடு பெயர்ப் பட்டியலைக் கட்டி அனுப்புங்கள். வெறும் கோரிக்கைக் கடிதத்தைவிடப் பட்டியலுக்குப் பலம் அதிகம். அந்த வகுப்பு வந்துவிட்டால் ஆள், சம்பளம், சாப்பாடு மூன்றும் அரசாங்கப் பொறுப்பு.

இரண்டாவது, தோட்டத்தில் குடியிருப்போர் நிர்வாகத்திடம் கேளுங்கள். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் வீட்டு வசதியோடு குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் பேசுகிறது. கொட்டகைக்குச் சாயம் பூசிக் கொடுத்தால் போதாது. ஆளுக்குச் சம்பளமும் ஆளின் பயிற்சிக்குச் செலவும் கேளுங்கள். கிளைச் செயலாளர்கள் இதைப் பேச்சுவார்த்தைப் பட்டியலில் எழுத வேண்டும்.

மூன்றாவது, பதிவு செய்யாத பள்ளி எவரிடமும் உதவி கேட்க முடியாது. பதிந்துவிடுங்கள். தாஸ்காக்களில் சமூகத் தாஸ்கா என்றே ஒரு வகை இருக்கிறது. தீயணைப்பு, சுகாதாரம் என்று பாரங்கள் அதிகம் என்று பயப்பட வேண்டாம். நிரப்பித் தரச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.

நான்காவது, ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். 2,402 ரிங்கிட் என்பது வருஷத்துக்கு 28,824 ரிங்கிட். திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய் வசூல் செய்கிற ஊர்தான் இது. பிள்ளைகள் இல்லாத வீடும் திருவிழாவுக்குக் கொடுக்கிறது. பாலர் பள்ளிக்கு மட்டும் பிள்ளை படிக்கிற வீடுதான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரம் சொன்னது? ஒரு நாள் உபயத்தைக் குறைத்தால் அம்மன் கோபிக்க மாட்டாள்.

ஐந்தாவது, தாய் தகப்பன்மார் செய்ய வேண்டியது. மருந்தடித்துவிட்டு நேராக வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். குளித்து, துணி மாற்றிவிட்டு வாருங்கள். குறித்த நேரத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். ஆசிரியைக்கும் வீடு இருக்கிறது. மாதத்தில் ஒருநாள் பள்ளியில் போய் உட்கார்ந்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையோடு தமிழில் பேசுங்கள். இதற்குக் காசு தேவையில்லை.

அந்தக் கூட்டம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். துணையாளை நிறுத்தும் யோசனை மூன்று மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. கைவிடப்படவில்லை. கோயில் குழு ஒரு பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறது. நிர்வாகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் பட்டியல் தயாரிக்கச் சம்மதித்திருக்கிறார். மூன்று மாதத்தில் இவற்றில் எதுவும் பலிக்கவில்லை என்றால் அந்த அம்மா வேலையை இழப்பார். பிள்ளைகள் அவரை இழப்பார்கள். அதன் பிறகு ஆசிரியையும் எத்தனை நாள் தனியாக நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூட்டம் கலைந்தபோது அந்த யோசனையைச் சொன்னவரே நம்மிடம் வந்தார். "நானும் ஆயாக்கொட்டகையிலதான்யா வளந்தேன். ஒண்ணும் கெட்டுப் போயிடலயே?" என்றார். நாம் சிரித்தோம். அவருடைய பேத்தி இந்த வருஷம் அந்தப் பள்ளியில் படிக்கிறாள். "நம்ம கெட்டுப் போகலங்கய்யா. ஆனா நமக்குக் கெடச்சது போதும்னு பேத்திக்கும் சொல்லலாமா?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் வசூல் நோட்டில் முதல் கையெழுத்து அவருடையது என்று கேள்விப்பட்டோம்.

பாட்டாளித் தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் ஊர்ப் பாலர் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆட்கள், அவர்களுக்கு என்ன சம்பளம், சேமநிதி கட்டப்படுகிறதா என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். பதிலை நமக்கு எழுதுங்கள். ஒவ்வோர் ஊர்க் கணக்கும் கையில் வந்தால், ஒரு பள்ளிக்காக அல்ல, வட சிலாங்கூர்ப் பிள்ளைகள் அனைவருக்காகவும் நாம் ஒரே குரலில் பேச முடியும்.